கண்காட்சியில் ஒரு கட்டைக் கோபுரம்

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் லெகோ கட்டைகளால் எழுப்பிய கோபுரங்களைப் பலமுறை கண்டு வியந்திருக்கிறோம். அவற்றின் பின்னால் பெற்றோரின் இரவுத் தூக்கமும் இருக்கிறது. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை சோதனைகள் அல்ல, காட்சிப் பொருள்கள். ஒருமுறை நடுவர்களாக அமர்ந்து, மிக உயர்ந்த கோபுரத்துக்கே பரிசளித்துவிட்டு வந்த பிழை நம்முடையதும்தான்.

அகலமான அடித்தளம் உறுதி தரும் என்று காட்ட, மாணவர் ஒல்லியாக ஒன்றும் பருமனாக ஒன்றும் கட்டுகிறார். பருமனானது விழவில்லை. ஆனால் அதில் கட்டைகளும் அதிகம், எடையும் அதிகம். காத்தது அகலமா, எடையா? அச்சோதனையிடம் விடை இல்லை.

நாம் முன்வைப்பது எளியது. எட்டுக் குமிழ்க் கட்டைகள் பத்தினை நேராக அடுக்கினால் உயரம் 96 மி.மீ.; அடியின் அகலம் ஏறத்தாழ 16, நீளம் 32. அதை 50 செ.மீ. பலகையின் மேல் நிறுத்தி, வழுக்காதிருக்க முன்னே மெல்லிய அட்டைப் பட்டை ஒன்றை ஒட்டி, பலகையின் ஒரு முனையை மெதுவாக உயர்த்துக. கோபுரம் சாயும் கணத்தில் அம்முனையின் உயரத்தை அளந்து குறிக்க. பின்னர் அதே கோபுரத்தைக் கால்வட்டம் திருப்பி வைத்து மீண்டும் செய்க. கட்டை மாறவில்லை, எடை மாறவில்லை, உயரம் மாறவில்லை; சாயும் திசையிலுள்ள அகலம் மட்டுமே இருமடங்காயிற்று. திசைக்குப் பத்து முறையேனும், மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒரு திசையை முழுவதும் முடித்துவிட்டு மற்றதைத் தொடங்கினால், இடையில் கை பழகியதும் கணக்கில் புகுந்துவிடும்.

தொடங்குமுன் எதிர்பார்ப்பை எழுதி வைத்தல் இன்றியமையாதது. எடைமையம் நடுவில் உள்ளதெனக் கொண்டால் சுமார் 8.2 செ.மீ., 15.8 செ.மீ. வரவேண்டும். கட்டையின் அடிப்பக்கம் குடைவானது. எனவே எடைமையம் சற்று மேலேறி, அளவு சிறிது குறையலாம். நமக்குப் பிடித்த இடம் இதுதான். ஆனால் மாணவரோ விடை தவறிவிட்டதென்று அஞ்சி அழிப்பானை எடுக்கிறார். அவ்வாறு திருத்திய குறிப்பேடுகளை நாம் பார்த்திருக்கிறோம். அவற்றுக்கு முழு மதிப்பெண் கிடைத்ததையும் பார்த்திருக்கிறோம்.

பெரிய கேள்விக்குப் பெரிய மாதிரி வேண்டியதில்லை. கட்டைக் கோபுரம் எவ்வளவு உயர்ந்தால் அடிக்கட்டை நசுங்கும் என்று 2012இல் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள். கோபுரம் கட்டவில்லை, நான்கு குமிழ்க் கட்டையைக் கருவியில் வைத்து அழுத்தினார்கள். அது சுமார் 430 கிலோ எடைக்கு ஈடான விசையைத் தாங்கிற்று. கோபுரம் ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீட்டர் என்பது அதிலிருந்து பெற்ற கணக்கு.

நடுவர்களாகச் செல்லும் நண்பர்கள் இனிக் கோபுரத்தை நோக்குமுன் குறிப்பேட்டைக் கேட்டு வாங்குக. அடித்து எழுதாத பொருந்தாத எண் ஒன்று அதில் இருந்தால், அம்மாணவரோடு சற்று அமர்ந்து பேசுக.