ஏறத் தெரிந்த வண்டி, திரும்பத் தெரியாத வண்டி

இமாச்சலப் பிரதேசத்தில் பனி கொட்டும் நாட்களில் மணாலிக்கு மேலே உள்ள சோலாங்கில் போலீசார் வண்டிகளைத் தரம் பிரிக்கிறார்கள். ஃபோர் வீல் டிரைவ் என்றால் அடல் சுரங்கத்தை நோக்கி மேலே போகலாம். மற்றவை பெரும்பாலும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். 9.02 கி.மீ. நீளமுள்ள அந்தச் சுரங்கம் 2020 அக்டோபர் 3-ல் திறக்கப்பட்டது. அதன் பிறகு குளிர்காலத்திலும் லாஹவுலுக்கு வழி உண்டு. சரக்கு ஏற்றிய பிக்கப்களும் உல்லாசப் பயணிகளின் பளபளக்கும் பிக்கப்களும் ஒரே வரிசையில் ஏறுகின்றன.

சிக்கல் ஆரம்பிப்பது ஏறும்போது அல்ல, இறங்கும்போது. பனி முடிந்து கறுப்புத் தார் தெரிகிறது. அடுத்து ஒரு கொண்டை ஊசி வளைவு. ஸ்டியரிங் திடீரெனக் கனக்கிறது. டயர்கள் கிறீச்சிடுகின்றன. யாரோ பிரேக்கை மிதித்ததுபோல வண்டி துள்ளுகிறது. வளைவுக்குள் அடங்காமல் வெளி விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு.

வெலவெலத்துப்போன டிரைவர் கீழே வந்ததும் மெக்கானிக்கைத் தேடுகிறார். பவர் ஸ்டியரிங்கில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கழற்றப்படுகிறது. உண்மையில் எதுவும் கெட்டுப்போகவில்லை. மேலே பனியில் 4-ஹெச் போட்டவர், தார்ச் சாலைக்கு வந்ததும் 2-ஹெச்சுக்கு மாற்ற மறந்துவிட்டார். அவ்வளவுதான்.

இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப்களில் இருப்பது ‘பகுதி நேர’ ஃபோர் வீல் டிரைவ். சாதாரணமாகப் பின் சக்கரங்கள் மட்டுமே வண்டியைத் தள்ளும். 4-ஹெச் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும் இறுக்கிப் பிணைத்துவிடும். பிறகு இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். வளைவோ இதற்கு ஒப்புக்கொள்ளாது. பின் சக்கரங்கள் 10 மீட்டர் ஆரத்தில் அரை வட்டம் திரும்பினால், பிக்கப்பின் நீளத்துக்கு முன் சக்கரங்கள் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். பனியிலும் சேற்றிலும் டயர் சறுக்கி இந்தக் கணக்கைத் தீர்த்துவிடும். உலர்ந்த தாரில் சறுக்க வழியில்லை. முறுக்கு உள்ளேயே ஏறுகிறது. இதுவே வழக்கமானால் டயர் தேயும். ஒரு நாள் டிரான்ஸ்ஃபர் கேஸே உடையலாம்.

எனவே ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு சோதனை. 2-ஹெச்சுக்கு மாற்றி, சமதளத்தில் மெதுவாக ஒரு வட்டம் அடிக்க வேண்டும். கோளாறு மறைந்தால் வண்டி நலம். லீவரை அல்லது திருகியை மாற்றிய பிறகும் டேஷ்போர்டு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால், முறுக்கு இன்னும் விடவில்லை என்று அர்த்தம். ஸ்டியரிங்கை நேராக வைத்து, சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். அப்போதும் விளக்கு அணையாவிட்டால்தான் மெக்கானிக்குக்கு வேலை.

2-ஹெச்சிலேயே வண்டி ஒரு பக்கம் இழுத்தால் பார்க்க வேண்டியவை டயரின் காற்று, விடாமல் பிடித்திருக்கும் பிரேக், வீல் அலைன்மென்ட். பள்ளத்தில் விழுந்து எழுந்த பின் ஸ்டியரிங் ஆடினால் டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், வீல் பேரிங் ஆகியவற்றின் மீது சந்தேகம் கொள்ளலாம். நேரான சாலையிலும் 4-ஹெச் முரண்டு பிடித்தால், குற்றவாளி பெரும்பாலும் சிக்கனம்தான்: முன்னால் இரண்டு புது டயர், பின்னால் இரண்டு தேய்ந்த டயர். சுற்றளவில் உள்ள சிறு வித்தியாசம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பல மீட்டராகச் சேர்ந்துவிடும். நான்கும் ஒரே அளவாக, ஒரே மாதிரி தேய்ந்தவையாக இருக்க வேண்டும். காலி வண்டியின் பின்பக்கம் பனியில் அலைந்தால், பின் ஆக்ஸிலுக்கு மேலே அசையாமல் கட்டிய சில மணல் மூட்டைகள் கைகொடுக்கும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது வேறொரு நம்பிக்கை. ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்பும், நிறுத்தாது. பிரேக் எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. உறைந்த சாலையில் எதுவும் சறுக்கும். செங்குத்தான பனி இறக்கத்துக்கு முன்பே வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் 4-எல் போட்டு, முதல் கியரில் இன்ஜினின் பிடியிலேயே இறங்குவதுதான் விவேகம்.

சோலாங்கில் போலீசார் பார்ப்பது வண்டியில் அந்த வசதி இருக்கிறதா என்பதை மட்டுமே. அதை எங்கே விலக்க வேண்டும் என்பது டிரைவருக்குத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. முதல் வளைவு கேட்டுவிடுகிறது.