முந்திரியைப் பொறுக்கிப் போட்ட தாத்தா

எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு செய்தி வந்தது. "நம் தாத்தா பாட்டி காலத்தில் அலர்ஜி என்று ஒன்று உண்டா? வேர்க்கடலை தின்று வளர்ந்தவர்கள் நாம். இதெல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் கிளப்பிவிட்டது." கீழே கைகூப்பு பொம்மைகள் இருபது. மூன்று வருஷம் முன்னால் வந்திருந்தால் இருபத்தொன்றாவது கும்பிடு என்னுடையது. இப்போது எனக்குக் கை வரவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

என் மகன் மெல்பர்னில் இருக்கிறான். பேத்தி அங்கேயே பிறந்தவள், அப்போது அவளுக்கு நாலு வயது. டிசம்பர் லீவுக்கு வந்து இறங்கியதுமே மருமகள் சொல்லிவிட்டாள். "மாமா, இவளுக்கு முந்திரி, பிஸ்தா ரெண்டும் ஆகாது. துளிகூட." நான் "சரிம்மா" என்றேன். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை வீட்டில் கோயில் இட்லி. மிளகு, சீரகம், சுக்கு, நெய்யில் வறுத்த முந்திரி எல்லாம் போட்டு மந்தாரை இலையில் வேகவைத்தது. குழந்தை வாசனை பிடித்துக்கொண்டு வந்து "தாத்தா, எனக்கு" என்றாள். மருமகள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் புத்திசாலி அல்லவா? ஒரு துண்டு எடுத்து, முந்திரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுவிட்டு ஊட்டினேன்.

பத்து நிமிஷம் ஆகியிருக்காது. உதடு வீங்கியது, கழுத்தெல்லாம் தடித்தது, வாந்தி எடுத்தாள், குரல் கம்மியது. "மிளகுக் காரம் ஒத்துக்கலை" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தவன் நான்தான். மருமகள் வந்து ஒரு பார்வை பார்த்தாள். பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்துக் குழந்தையின் தொடையில் உடையோடு சேர்த்துக் குத்தினாள். அட்ரினலின். பிறகு ஆட்டோ, ஆஸ்பத்திரி, ராத்திரி வரை காவல். வீடு திரும்பியதும் ஒன்றே ஒன்று சொன்னாள். "மாமா, முந்திரியைப் பொறுக்கலாம். நெய்யைப் பொறுக்க முடியாதே."

இனி குழு நண்பர்களுக்கு என் பதில்.

முதலில், "அந்தக் காலத்தில் இல்லை" என்ற வாதம். இல்லாத ஒன்றுக்கு நம் பாட்டிகள் ஏன் பெயர் வைத்தார்கள்? "கரப்பான் பண்டம், குழந்தைக்குக் கொடுக்காதே" என்பதைக் கேட்காமல் வளர்ந்தவர் யார்? பழைய இறப்புப் பதிவேடுகளைப் புரட்டியவன் நான். குழந்தை என்றால் காரணம் ஜன்னி, மாந்தம், பேதி, அவ்வளவுதான். அந்த மூன்று சொல்லுக்குள் எது எது அடங்கியிருந்தது என்று கேட்டவர் யாரும் இல்லை. பிழைத்த நாம் உட்கார்ந்து "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்கிறோம். ஆனவர்கள் குழுவில் இல்லை, ஐயா.

மருந்துக் கம்பெனி கிளப்பியது என்பவர்களுக்கு. நான் சின்ன வயதில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் ஆசிரியர் ஷார்ல் ரிஷே பற்றி ஒரு கதை போலச் சொல்வார். பாரிஸ் பேராசிரியர். 1901இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் போய், கடல்சொறி விஷத்தை ஆராயத் தொடங்கினார். ஊர் திரும்பிக் கடல் சாமந்தியின் விஷத்தை நாய்களுக்குக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தார். பழகப் பழக உடம்பு தாங்கிக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. முதல் தடவை தாங்கிய நாய், சில வாரம் கழித்து அதே மாதிரிச் சின்ன அளவு ஏற்றியதும் அரைமணிக்குள் செத்தது. காப்புக்கு நேர் எதிர் என்ற பொருளில் 1902இல் 'அனஃபிலாக்ஸி' என்று பெயர் வைத்தார். தாகூருக்கு நோபல் கிடைத்த அதே 1913இல் அவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. "கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்" என்று பேத்திக்கு வைத்தியம் சொன்ன உறவினர்களும் இந்த நாயை நினைத்துக்கொள்ளட்டும். அந்தப் பழக்கத்தை டாக்டர் கண் எதிரில் செய்வது வேறு, அடுக்களையில் செய்வது வேறு.

நோய் பழையது என்றால் கூடியிருப்பதும் பொய்யா? அதுவும் இல்லை. உணவால் வந்த அனஃபிலாக்ஸிக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் பிரிட்டனில் 1998இல் லட்சத்துக்கு 1.2 பேர், 2018இல் 4 பேர். மெல்பர்னில் ஒரு வயதுக் குழந்தைகளுக்கு டாக்டர்கள் முன்னிலையில் உணவைக் கொடுத்தே சோதித்தார்கள். பத்தில் ஒன்றுக்கு மேல் அலர்ஜி என்று 2011இல் வெளியிட்டார்கள். நம் பக்கத்தில் பெங்களூரு, மைசூரு பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டுதான்.

"பார்த்தீர்களா, நம் ரத்தம் உசத்தி" என்று மார்தட்ட வேண்டாம். ஆஸ்திரேலியாவிலேயே இன்னொரு கணக்கு இருக்கிறது. ஆசியாவில் பிறந்து அங்கே குடியேறிய பிள்ளைகளுக்குக் கொட்டைப் பருப்பு அலர்ஜி குறைவு. ஆசியத் தாய்க்கு அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு அதிகம். ரத்தம் அதேதான், தொட்டில் இருக்கும் இடம்தான் வேறு. நாளைக்கு நம் ஊர்த் தொட்டிலும் அப்படி மாறலாம்.

என்ன மாறியது? ஒற்றைக் காரணம் சொல்பவரை நம்பாதீர்கள். தடுப்பூசி என்பார், சர்க்கரை என்பார், ஒட்டுரக நெல் என்பார். சான்று எங்கே என்றால் இன்னொரு ஃபார்வர்டு வரும். ஆய்வாளர்கள் கை காட்டும் இடங்கள் மூன்று.

ஒன்று, கிருமிப் பழக்கம். அண்ணன் அக்கா நிறைய உள்ள பிள்ளைகளுக்குத் தும்மல் அலர்ஜி குறைவு என்று 1989இல் ஸ்ட்ராகன் என்ற ஆங்கிலேயர் எழுதினார். மாட்டுக் கொட்டிலோடு வளரும் ஐரோப்பியப் பிள்ளைகளிடமும் அதே போக்கு. இதைக் கேட்டுக் கை கழுவுவதை நிறுத்திவிடாதீர்கள். சாக்கடை வேறு, மாடும் மண்ணும் வேறு.

இரண்டு, தோல். கரப்பான் வந்து வெடித்த தோல் வழியாக ஓர் உணவு முதலில் நுழைந்தால் உடம்பு அதை எதிரி என்று குறித்துக்கொள்கிறது. வாய் வழியாக முதலில் போனால் விருந்தாளி. கடலை எண்ணெய் கலந்த களிம்பு தடவிய குழந்தைகளிடம் வேர்க்கடலை அலர்ஜி அதிகம் என்று 2003இல் லண்டன் டாக்டர் கிடியன் லாக் குழுவினர் காட்டினார்கள். கரப்பான் உள்ள குழந்தைக்குக் கடலை மாவு தேய்த்துக் குளிப்பாட்டுவோர் யோசிக்கட்டும்.

மூன்று, தாமதம். எனக்கு ரொம்பக் கோபம் இதில்தான். குடும்பத்தில் அலர்ஜி இருந்தால் மூன்று வயது வரை வேர்க்கடலை கொடுக்காதே என்று 1998இல் பிரிட்டனும் 2000இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் அறிவுரை வழங்கின. நல்ல எண்ணம்தான். ஆனால் இஸ்ரேலில் கைக்குழந்தையிலேயே வேர்க்கடலைத் தின்பண்டம் கொடுப்பார்கள். அங்குள்ள யூதப் பிள்ளைகளைவிட லண்டன் யூதப் பிள்ளைகளுக்கு அந்த அலர்ஜி பத்து மடங்கு என்று 2008இல் தெரிந்தது. பிறகு லாக் குழுவினர் கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள 640 குழந்தைகளை இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஐந்து வயதில், வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு அலர்ஜி, சாப்பிட்டு வந்தவர்களில் 3 பேருக்கு. 2015இல் முடிவு வந்தது. அமெரிக்கச் சங்கம் தன் அறிவுரையை 2008லேயே விலக்கிக்கொண்டது.

முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன். ரத்தான ஆணையைப் பின்பற்றுவது போல ஆபத்து வேறில்லை. அறிவுரை விலகி இத்தனை வருஷம் ஆகியும் "ரெண்டு வயசு ஆகட்டும், முட்டை வேண்டாம், கடலை வேண்டாம்" என்று நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. சோறூட்டும் ஆறு மாதத்தை ஒட்டியே இவற்றையும் ஒவ்வொன்றாக ஆரம்பிக்கலாம். முழுக் கடலை தொண்டையில் அடைக்கும், ஆகவே நன்றாக அரைத்துக் குழைத்து. கரப்பான் கடுமையாக இருந்தாலோ முட்டை ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாமல் இருந்தாலோ டாக்டரைக் கேட்டபின்.

இன்னொரு கூட்டமும் கிளம்பியிருக்கிறது. ஒரு துளி ரத்தம், இருநூறு உணவு, பட்டியல் ரெடி. கர்நாடகத்தில் பெரியவர்களைச் சோதித்ததில் நூற்றுக்கு 26 பேர் ரத்தத்தில் ஏதோ ஓர் உணவுக்கு எதிர்ப்பு தெரிந்தது. அலர்ஜி என்று சொல்லத்தக்கவர்கள் 1.2 பேர்தான். அந்தச் சீட்டை நம்பிப் பாலையும் பருப்பையும் நிறுத்தினால் குழந்தை இளைக்கும், லேப் கொழுக்கும்.

நாம் சிரித்துப் பேசும் விஷயம் இது இல்லை. அந்த அட்ரினலின் பேனா நம் ஊர் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. அன்று அது மருமகளின் பையில் இல்லாதிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பந்தியில் ஒரு தாய் "இதில் முந்திரி இருக்கா?" என்று கேட்டால், சலித்துக்கொள்ளாமல் சமையல்காரரைக் கேட்டுச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அதுவே பெரிய உதவி.

இந்த டிசம்பரில் பேத்தி மறுபடி வருகிறாள். என் மனைவி புதுச் சட்டியும் புதுக் கரண்டியும் வாங்கி வைத்துவிட்டாள். கோயில் இட்லி உண்டு, முந்திரி கிடையாது. வீட்டில் யாருக்குமே கிடையாது. ருசி ஒன்றும் குறையவில்லை. எப்போதோ செய்திருக்க வேண்டியது.