அடைவில் இருக்கும் நகையும் எமது விசுவாசமும்: 2022ஆம் ஆண்டு குறித்துச் சபையின் நிலைப்பாடு

விவசாயிகளும் கடற்றொழிலாளரும் ஆசிரியர்களும் ஓய்வூதியரும் சேர்ந்து வழிபடும் வலிகாமத்துக் கிறிஸ்தவ சபையொன்றின் நிர்வாகக் குழுவினராகிய நாம், 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்த அறிக்கையைச் சபையாருக்கும் அயலவர்களுக்கும் முன்வைக்கிறோம்.

கடந்த ஆண்டில் கடன்பட்ட எந்தக் குடும்பமும் அந்தக் கடனுக்காக இந்தச் சபையில் தலைகுனிய வேண்டியதில்லை. அந்தக் கடனின் பெரும்பகுதி கொழும்பில் சிலர் எடுத்த முடிவுகளால் எங்கள் வீடுகளுக்கு வந்தது. அதே முடிவுகளின் விளைவாகச் சபையின் நிலையான வைப்புக்கு வழமையைவிடக் கூடுதலாக வந்து சேரும் வட்டியும் சபைக்கு உரியதன்று. எமது நிலைப்பாடு இதுதான். ஏன் இப்படிச் சொல்கிறோம், இதனால் என்ன செய்யப்போகிறோம் என்பதைக் கீழே விளக்குகிறோம்.

ஆண்டிறுதி ஆராதனையில் சாட்சி சொல்வது எங்கள் சபையின் வழக்கம். விசா கிடைத்தவர்கள், வேலை கிடைத்தவர்கள், நோய் தீர்ந்தவர்கள் எழுந்து நன்றி சொல்வார்கள். அதில் குறை காண எதுவுமில்லை. ஆனால் இம்முறை பலர் எழவில்லை. தாலிக்கொடியை அடைவு வைத்துப் பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய தாய் எந்தச் சாட்சியைச் சொல்வார்? இந்த மௌனத்தின் நடுவே சில விளக்கங்களும் உலவத் தொடங்கின. தசமபாகம் ஒழுங்காகக் கொடுக்காத வீட்டில் காசு தங்காது என்கிறார்கள். விசுவாசம் குறைந்த இடத்தில் கடன் புகும் என்கிறார்கள். இருப்பதை எல்லாம் காணிக்கையாக விதைத்தால் நூறு மடங்காகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்கும் கூட்டங்களும் எங்கள் ஊர்களில் நடக்கின்றன. இந்தப் போதனையை நாம் முழுமையாக நிராகரிக்கிறோம். இது கடன்பட்டவரின் வறுமையோடு குற்ற உணர்வையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. கடனை உண்டாக்கியவர்கள் யார் என்ற கேள்வியை அது கேட்கவிடாமலும் செய்கிறது.

அந்தக் கேள்வியை நாம் கேட்கிறோம். 2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. வேறு வரிகளும் கைவிடப்பட்டன. அரசின் வருமானம் சரிந்தது. வெளிநாட்டுச் சந்தையில் கடன் வாங்கும் வழியும் அடுத்தடுத்து அடைபட்டது. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரென்று தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அந்தத் தடை தளர்த்தப்பட்டபோது பயிரும் போயிருந்தது, விவசாயியின் கையிருப்பும் போயிருந்தது. டொலரை 200 ரூபாவை ஒட்டிய விலையில் பிடித்துவைப்பதற்காகக் கையிருப்பு கரைக்கப்பட்டது. பால்மாவும் மருந்தும் தட்டுப்பட்டுக்கொண்டிருந்த 2022 ஜனவரியில் 50 கோடி டொலர் பிணைமுறிக் கடன் திருப்பிச் செலுத்தப்பட்டது. மார்ச் 7ஆம் திகதி ரூபாவை அந்த விலையில் பிடித்துவைப்பது கைவிடப்பட்டது. மே மாதத்தில் ஒரு டொலர் 360 ரூபாவை எட்டியது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அரசு அறிவித்தது.

இந்த முடிவுகளில் ஒன்றிலேனும் எங்கள் சபையில் இருக்கும் வெங்காயச் செய்கையாளருக்கோ மீனவருக்கோ பங்கில்லை. விலையை மட்டும் அவர்கள் கொடுத்தார்கள். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருட்களுக்கு 94.9 வீதம். மாதச் சம்பளக்காரரின் சம்பளம் அதே எண்ணாகவே இருக்க, அது வாங்கும் அரிசி ஏறத்தாழப் பாதியானது. ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. எங்கள் கரையோரத்தில் சிறு படகுகளின் இயந்திரம் ஓடுவது மண்ணெண்ணெயில்தான். கடலுக்குப் போனால் எண்ணெய்க் காசு கிடைக்குமா என்று கணக்குப் பார்த்துவிட்டுப் படகைக் கரையிலேயே விட்டவர்கள் பலர். அதே ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. மார்ச் மாதம் முதல் படகேறித் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் இறங்கிய குடும்பங்களும் உண்டு. குழந்தைகளோடு கடலில் இறங்கத் துணிந்தவர்களின் விசுவாசத்தை அளக்க எங்களுக்குத் தகுதியில்லை.

இனி நகைக்கு வருகிறோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீடுகளின் உண்மையான வங்கி நகைதான். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து ஓடியபோதும் மடியில் முடிந்துகொண்டு போனது அதைத்தான். ரூபா விழுந்ததும் பவுண் விலை ஏறியது. ஏற்கெனவே அடைவில் இருந்த நகைக்குக் கூடுதல் காசு தருகிறோம் என்று அடைவுபிடிப்போர் சொன்னார்கள். மக்கள் பழைய அடைவைத் திருப்பி, அதே நகையை மறுபடி பெரிய தொகைக்கு வைத்தார்கள். கைக்கு வந்த மிச்சக் காசு எரிவாயு சிலிண்டருக்கும், மாவுக்கும், பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகளுக்கும் போனது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அடைவின் வட்டியும் அதன் பின்னால் ஏறியது. முதலும் பெரிது, வட்டியும் பெரிது, வருமானமோ பழையது. தவணை முடியும்போது நகை ஏலத்துக்குப் போகும். அப்படி ஏலத் திகதி நெருங்கிக்கொண்டிருக்கும் நகைகள் எங்கள் சபையார் வீடுகளில் இருக்கின்றன. அவற்றை வைத்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். பலர் கணவனுக்கும் தெரியாமல் அந்தச் சுமையைத் தாங்குகிறார்கள்.

அதே காலத்தில் காசு வைத்திருந்தவருக்கு என்ன நடந்தது? அரசு உள்நாட்டில் கடன் வாங்கக் கொடுத்த வட்டி ஆண்டிறுதியில் 30 வீதம் அளவுக்கு ஏறியது. வங்கிகளின் நிலையான வைப்பு வட்டியும் கூடியது. மண்டபத் திருத்த வேலைக்கென்று சபை சேர்த்துவைத்த நிதியும் அப்படியொரு வைப்பில்தான் இருக்கிறது. இந்தக் கூடுதல் வட்டியை யார் கொடுக்கிறார்கள் என்று நாம் யோசித்துப் பார்த்தோம். அரசு கட்டும் வட்டிக்குக் காசு வரியிலிருந்து வருகிறது. பெறுமதி சேர் வரி யூனில் 12 வீதமாகவும் செப்டெம்பரில் 15 வீதமாகவும் திரும்ப ஏறியது. கடையில் ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கும் விதவைத் தாயும் அதைக் கட்டுகிறார். அவரிடமிருந்து வாங்கிய காசு சுற்றிச் சபையின் வைப்புக்கு வந்து சேர்கிறது. அந்தக் காசில் மண்டபத்துக்கு ஓடு மாற்ற எங்களுக்கு மனம் இடங்கொடுக்கவில்லை.

ஆகவே 2022இல் வைத்த வைப்புகளுக்கு முந்தைய வட்டி வீதத்துக்கு மேலாகக் கிடைக்கும் தொகை முழுவதையும் தனியாக ஒதுக்கி, ஏலத்துக்குப் போகவிருக்கும் நகைகளை மீட்க வட்டியில்லாக் கைமாற்றாகக் கொடுப்போம். கிறிஸ்தவர் அல்லாத அயலவருக்கும் இது திறந்திருக்கும். திருப்பித் தரும் தவணையை வாங்குபவரே சொல்லலாம். யார் வாங்கினார் என்பது போதகருக்கும் பொருளாளருக்கும் மட்டும் தெரியும். பலிபீடத்திலோ அறிவித்தல் பலகையிலோ பெயர் வராது. எவ்வளவு கொடுக்கப்பட்டது, எவ்வளவு திரும்பியது என்ற மொத்தக் கணக்கு மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சபை முன் வாசிக்கப்படும். இந்தத் தொகை எல்லோருக்கும் போதாது என்பதை நாம் அறிவோம். குழந்தைகளுள்ள, வெளிநாட்டில் உதவ ஆளில்லாத வீடுகளுக்கு முதலிடம்.

வெளிநாட்டைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. ரூபா விழுந்தபோது, கனடாவிலும் ஐரோப்பாவிலும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு அதே டொலர் கூடுதல் ரூபாவாக வந்தது. பக்கத்து வீடு ஒருவேளைச் சாப்பாட்டைக் குறைத்தது. ஒரே வாங்கில் அருகருகே இருந்து பாடும் இரு குடும்பங்களுக்கு இந்த ஆண்டு இரண்டு வேறு ஆண்டுகளாக இருந்தது. வெளிநாட்டுக் காசு வரும் குடும்பங்கள்மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்களில் பலர் கேட்காமலே அயலுக்குக் கொடுத்தார்கள். ஆனாலும் ஏலத்தில் போட்டிபோட்டு ஒரு பூசணிக்காயைப் பல்லாயிரம் ரூபாவுக்கு எடுக்கும் அறுப்பு விழா இந்தச் சூழலில் நடக்கக்கூடாது. இவ்வாண்டு விளைபொருட்கள் ஏலத்துக்கு வராமல் தேவையுள்ள வீடுகளுக்குப் போகும். காணிக்கை கொடுத்தவர்களின் பெயரும் தொகையும் வாசிக்கப்படமாட்டாது.

சபை அரசியல் பேசக்கூடாது என்று எங்களுள் மூத்தவர்கள் சிலர் வருத்தத்தோடு சொன்னார்கள். சபை ஒரு கட்சியின் கிளையாகிவிடக்கூடாது என்ற அவர்களின் கவலையை மதிக்கிறோம். எந்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் இந்தச் சபை ஆதரவு தராது. ஆனால் நெகேமியாவின் புத்தகத்தில் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பஞ்சத்தில் தானியம் வாங்க நிலத்தையும் வீட்டையும் ஈடு வைத்தவர்கள் அங்கே வருகிறார்கள். ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்கியவர்கள் வருகிறார்கள். பிள்ளைகளை அடிமையாகக் கொடுத்த பெற்றோர் கூக்குரலிடுகிறார்கள். நெகேமியா அவர்களுக்கு விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. கடன் கொடுத்த பிரபுக்களையும் அதிகாரிகளையும் கூட்டி, வாங்கிய நிலத்தையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் செய்தார். அதிபதியாகத் தனக்கு உரிய படியையும் அவர் வாங்கவில்லை. வேதத்தில் கடன் எப்போதும் பொது விடயமாகவே இருக்கிறது. அதைத் தனிமனிதரின் இரகசிய வெட்கமாக்கியது நாங்கள்தான் என்று சொல்லுமளவுக்கு எங்கள் பிரசங்கங்கள் அதைத் தொடாமலே போய்விடுகின்றன.

காலிமுகத்திடலில் ஏப்ரல் 9ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தை வடக்கில் பலர் தூரத்தில் நின்று பார்த்தார்கள். மண்ணெண்ணெய் இல்லாத, மின்சாரம் இல்லாத ஆண்டுகளை 1990களில் நாங்கள் தனியாகக் கடந்தோம். அப்போது இந்தக் குரல்கள் எங்கே இருந்தன என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கேள்வியைக் கைவிடும்படி யாரையும் நாம் கேட்கவில்லை. ஆனால் மே 18ஆம் திகதி அதே திடலில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்கள் நினைவுகூரப்பட்டார்கள் என்பதையும் மறக்கமாட்டோம். யூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். புதிய ஜனாதிபதி பதவியேற்ற மறுநாளே, விடியுமுன் படையினர் அந்தக் கூடாரங்களை அடித்துப் பிரித்தார்கள். 1979 முதல் எங்கள் பிள்ளைகளை விசாரணையின்றி அடைத்துவைத்த பயங்கரவாதத் தடைச் சட்டம் ஓகஸ்டில் தெற்கின் மாணவர் தலைவர்கள்மீது பாய்ந்தது. அந்தச் சட்டம் எவர்மீது பாய்ந்தாலும் நாம் எதிர்க்கிறோம். அது முற்றாக நீக்கப்பட வேண்டும்.

பொருளாதாரத்தை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் யார் என்று தீர்மானிக்கக் கோரும் மனுக்கள் உச்ச நீதிமன்றத்தின் முன் இருக்கின்றன. அவை தாமதமின்றி விசாரிக்கப்பட வேண்டும். சர்வதேச நாணய நிதியத்தின் 290 கோடி டொலருக்காக அரசு ஏற்கும் நிபந்தனைகள் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். போர் முடிந்து 13 ஆண்டுகள் சென்ற பிறகும் பாதுகாப்புக்கான ஒதுக்கீடு சுகாதாரத்துக்கான ஒதுக்கீட்டைவிட உயர்ந்து நிற்பதை எந்த நிபந்தனையும் தொடாமல், சாதாரண வீடுகளின் மின்கட்டணத்தை மட்டும் தொட்டால் அதை நியாயமான சீர்திருத்தம் என்று நாம் ஏற்கமாட்டோம். இவ்வாண்டு நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைக் காசில்லை என்று தள்ளிப்போடவும் கூடாது.

நுண்கடன் பற்றியும் ஒரு வார்த்தை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டம் வந்தது. அதே ஆண்டு நுண்கடனுக்கு 35 வீத வட்டி உச்சவரம்பும் வந்தது. 35 வீதமே கொடூரம். ஆண் வசூலிப்பவர்கள் மாலை நேரத்தில் வாசலில் வந்து இருந்துகொண்டு தவணை கேட்பதும், ஒரு பெண் கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்றப் பெண்களை அவர்மீது ஏவிவிடுவதும் எங்கள் கிராமங்களில் இன்னும் நடக்கின்றன. சபையின் மண்டபத்தையோ வளவையோ எந்த நுண்கடன் நிறுவனத்தின் குழுக் கூட்டத்துக்கும் இனிக் கொடுக்கமாட்டோம். சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அந்த இடம் வாடகையின்றிக் கிடைக்கும். வசூலிப்பவர் வாசலில் வந்து இருக்கும் எந்த வீட்டுக்கும், அழைத்தால் நிர்வாகக் குழுவில் இருவர் வந்து அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இருப்பார்கள்.

கைமாற்று விண்ணப்பங்களைப் போதகர் இல்லத்தில் வாய்மூலமே சொல்லலாம். படிவமோ பிணையாளரோ தேவையில்லை. அடைவுச் சீட்டைக் கொண்டுவந்தால் போதும். ஏலத் திகதி மிக அருகில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்காமல் எந்த நாளிலும் வரலாம்.

நிர்வாகக் குழு