அங்கிள், உங்க டீம் இருக்கா?

பிப்ரவரி 14 காதலர் தினம் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த வருடம் அதே நாளில்தான் ஐ.எஸ்.எல். கால்பந்து தொடங்கியது என்பது எங்கள் திருநீர்மலையில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால், கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல் என்னுடையது.

சீசன் தொடங்கினால் ரசிகன் புலம்புவது வழக்கம். கோல் அடிக்க ஆள் இல்லை, தடுப்பு ஓட்டை, கோச் தூங்குகிறார் என்று ஆரம்பித்துவிடுவோம். சென்னையின் எஃப்.சி. ரசிகர்களுக்கு அதில் பத்து வருடத்துக்கு மேல் சர்வீஸ் உண்டு. ஆனால், இந்த முறை புலம்பக்கூட ஐந்து மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. வழக்கமாக செப்டம்பரில் தொடங்கும் சீசன் பொங்கல் கழிந்து ஒரு மாதம் ஆன பிறகுதான் வந்தது.

ஏன் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தப் போட்டியை நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் 2010இல் போட்ட 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய வேண்டும். புதுப்பிப்பது பற்றி முடிவு வரவில்லை. சம்மேளனத்தின் விதிமுறை வழக்கு வேறு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. ஜூலையில் 'சீசன் நிறுத்திவைப்பு' என்று அறிவித்தார்கள். பிறகு டெண்டர் விட்டார்கள். கடைசி நாள் வரை ஒருவர்கூட கேட்டு வரவில்லை. ஒரு நாட்டின் முதல் டிவிஷன் கால்பந்தை எடுத்து நடத்த ஆளே இல்லை!

இடையில், ஆகஸ்ட் தொடக்கத்தில், சென்னையின் எஃப்.சி. தன் முதல் அணியின் செயல்பாடுகளை நிறுத்திவைப்பதாகச் சொன்னது. அந்த வாரம்தான் எதிர்வீட்டுப் பையன் மாடிப்படியில் என்னை நிறுத்திக் கேட்டான்: "அங்கிள், உங்க டீம் இருக்கா, இல்லையா?"

அவன் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். 2024-25 சீசனில் அந்த அணி இங்கிலாந்து லீகில் 15ஆவது இடத்தில் முடித்தபோது, பரீட்சையில் பெயிலானவன் மாதிரி ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தான் என்று அவன் அம்மா என் மனைவியிடம் சொல்லிப் புலம்பினார். ஆனாலும், ஆகஸ்ட் வந்தால் யுனைடெட் ஆடும். தோற்பார்கள், திட்டு வாங்குவார்கள், ஆடுவார்கள். எனக்கு அந்த உத்தரவாதம் இல்லை. என் அணி எந்த இடத்தில் வரும் என்று கவலைப்பட்ட ஆள் நான். வருமா என்றே கவலைப்பட வைத்துவிட்டார்களே என்றுதான் கோபம்.

இது வீண் பயமும் இல்லை. 2018-19 ஐ-லீக் சாம்பியன் யார் தெரியுமா? கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று கோப்பையைத் தூக்கிய அணி. சில வருடங்களில் அந்த லீகிலேயே அதைக் காணோம். கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் அன்றைக்குக் கத்தியவர்கள் இன்றைக்கு யாருக்காகக் கத்துகிறார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சரி, ஜனவரி தொடக்கத்தில் சுனில் சேத்ரி உள்ளிட்ட வீரர்களே 'எங்களைக் காப்பாற்றுங்கள்' என்கிற அளவுக்கு ஃபிஃபாவிடம் வேண்டுகோள் வைத்தார்கள். சில நாட்களில் மத்திய விளையாட்டு அமைச்சர் தேதியை அறிவித்தார். 14 அணிகளும் உண்டு. ஆனால், ஒவ்வோர் அணியும் மற்ற அணியோடு ஒரே ஒரு முறைதான் மோதும். மொத்தம் 91 ஆட்டம். ஓர் அணிக்கு 13. முந்தைய சீசனில் ஓர் அணிக்கு 24 ஆட்டம் இருந்தது. கிட்டத்தட்ட பாதி.

இந்தக் கணக்குதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஏனென்றால், எங்கள் அணியின் சரித்திரமே மெதுவாக எழுந்திருக்கும் சரித்திரம்.

2015 ஞாபகம் இருக்கிறதா? 14 லீக் ஆட்டங்களில் முதல் பத்தில் பத்தே புள்ளி. கடைசி நான்கையும் வென்று அரையிறுதிக்குப் போனார்கள். அதற்குள் டிசம்பர் வெள்ளம். அடையாறு கரை புரண்டு அனகாபுத்தூர், முடிச்சூர் பக்கமெல்லாம் படகு விட்ட நேரம். கரன்ட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சொந்த ஊர் ஆட்டம், ஆனால் சொந்த ஊர் ரசிகன் வீட்டில் சேறு அள்ளிக்கொண்டிருக்கிறான். கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதிப்போட்டி. 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னால். போச்சு என்று டி.வி.யை அணைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. 90ஆவது நிமிடம் கோவா கோல்கீப்பர் கட்டிமணி மூலமாக சேம் சைடு கோல். இரண்டு நிமிடத்தில் மெண்டோசா இன்னொன்று. 3-2. கோவாவின் பயிற்சியாளர் பிரேசிலின் ஜீக்கோ. நம் பயிற்சியாளர் மார்க்கோ மேட்டராஸி. ஆமாம், உலகக் கோப்பை இறுதியில் ஜிடானிடம் நெஞ்சில் முட்டு வாங்கியவரேதான். அவர் பெரியமேட்டில் நின்று நம் பையன்களைத் திட்டியதை நேரில் பார்த்த புண்ணியம் எனக்கு உண்டு.

2019-20 இன்னும் மோசமான ஆரம்பம். முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது ஆட்டம் ஹைதராபாத்தோடு. 90 நிமிடம் முடிந்தும் 0-0. இன்ஜுரி டைமில் நாம் ஒன்று, அவர்கள் ஒன்று, மறுபடி வால்ஸ்கிஸ் ஒன்று. இதய நோயாளிகள் பார்க்கக் கூடாத ஆட்டம். சில நாட்களில் ஜான் கிரிகரி விலகி, ஓவன் கோயில் வந்தார். அதே அணி இறுதிப்போட்டி வரை போனது. கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில் கொல்கத்தாவிடம் 3-1 என்று தோற்றது வேறு கதை.

அந்த சீசனில் ஓர் அணிக்கு 18 லீக் ஆட்டம். நான்கு போனாலும் பதினான்கு மிச்சம். இப்போது 13இல் நான்கு போனால் மூன்றில் ஒரு பங்கு காலி. தூங்கி எழுந்து பல் தேய்ப்பதற்குள் சீசன் முடிந்துவிடும்.

நல்ல ஆரம்பத்தையும் நம்ப முடியாது, அது தனிக் கொடுமை. 2018 மார்ச்சில் பெங்களூரு மண்ணிலேயே பெங்களூருவை 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பை. அடுத்த சீசனில் 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். 2024-25இல் முதல் ஆட்டத்திலேயே ஒடிசாவை அவர்கள் ஊரில் 3-2 என்று வென்றார்கள். அடுத்த ஆட்டம் நம் ஊரில், புதிதாக லீகுக்கு வந்த முகமதன் அணியிடம் 1-0 என்று தோல்வி. சீசன் முடிந்தபோது முகமதன் கடைசி, நாம் 11ஆவது. 13 அணியில்!

பயிற்சியாளர் இப்போது கோவாக்காரர் கிளிஃபோர்ட் மிராண்டா. 2023இல் ஒடிசாவுக்கு சூப்பர் கோப்பை வாங்கித் தந்தவர். இத்தாலி, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து என்று சுற்றிவிட்டு நம் நாட்டுக்காரர் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால், மாதக்கணக்கில் ஆட்டமே இல்லாமல் இருந்த வீரர்களை வைத்து அவர் என்ன மந்திரம் செய்ய முடியும்? முதல் இரண்டு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு 'கோச்சை மாத்து' என்று வாட்ஸ்அப்பில் கொதிக்கும் நண்பர்களுக்கு என் பதில் அதுதான்.

என்னுடைய ஆசை வேறு. 2018 அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக ஒரு கோல் அடித்தவர் வியாசர்பாடி தனபால் கணேஷ். நம் ஊர்ப் பையன் நம் ஊரில் கோல் அடித்தால் ஸ்டேடியத்தின் சத்தமே வேறு மாதிரி இருக்கும். அப்படி இன்னும் நாலு பேர் வேண்டும். எங்கள் பக்கம் பம்மல், நாகல்கேணியில் ஆடத் தெரிந்த பையன்கள் இருக்கிறார்கள். ஆனால், திறந்த மைதானம் குறைந்துகொண்டே வருகிறது. மணிக்கு வாடகை கொடுத்து ஆடும் டர்ஃப்தான் கூடிக்கொண்டே போகிறது. காசு பங்கு போட முடியாத பையன் வேலிக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போடுகிறான்.

பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் ராத்திரி ஆட்டம் பார்த்துவிட்டு எங்கள் ஊர் வந்து சேர்வது ஒரு தனி சாகசம். பார்க் ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய் தாம்பரம் ட்ரெயின் பிடித்து, குரோம்பேட்டையில் இறங்கினால் அந்த நேரத்தில் திருநீர்மலைக்கு ஷேர் ஆட்டோ கிடைப்பது அவரவர் ஜாதகம். நீல ஜெர்சியோடு நடுராத்திரி கேட்டைத் திறக்கும்போது, "ஜெயிச்சாங்களா?" என்று உள்ளே இருந்து குரல் வரும். பதில் சொல்லாவிட்டால் தோல்வி என்று மனைவிக்குத் தெரியும். தோசை சூடாக வரும்.

13இல் சொந்த ஊர் ஆட்டம் ஆறோ ஏழோதான். ஒன்றையும் விடுவதாக இல்லை. இந்த முறை எதிர்வீட்டுப் பையனும் வருகிறேன் என்கிறான். யுனைடெட் ஜெர்சியில் வரக் கூடாது என்று கண்டிஷன் போட்டிருக்கிறேன்; என்னுடைய பழைய நீல ஜெர்சி அவனுக்குச் சரியாக இருக்கும். ஒரே சிக்கல், அவனுக்கு மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வு. அவன் அம்மாவிடம் நான்தான் பேச வேண்டுமாம்.