முப்பது வருஷ வில்லங்கம் போதுமா?

வங்கியில் வீட்டுக்கடன் பேப்பர் வாங்குகிற கிளார்க் நான். போன மாதம் ஒரு புரோக்கர் பார்ட்டியோடு வந்தார். "முப்பது வருஷ வில்லங்கம் சுத்தம் சார். பட்டா இருக்கு. வேறென்ன வேணும்?"

வேறொன்று வேணும். அந்த மண் முதலில் யாருடையது?

திரமென்ஹீர் அறிக்கைக்குப் பின் 1892 அரசாணைப்படி சேரி மக்களுக்குத் தரப்பட்டது பஞ்சமி நிலம். முதல் பத்து வருஷம் விற்கக்கூடாது. பிறகும் தலித்துக்குத்தான் விற்கலாம். மீறிய கிரயம் செல்லாது. முப்பது வருஷ வில்லங்கம் இதையெல்லாம் காட்டாது. யுடிஆருக்கு முந்தைய பழைய 'அ' பதிவேட்டைத் தாலுகா ஆபீசில் பார்க்கணும். அங்கே 'டி.சி.' என்றிருந்தால் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. ஏஜென்ட் தன் பார்ட்டியைக் காப்பாற்ற முதல் வேலை இதுதான். உரிய தகவலும் ஆவணமும் புக்கிங்கின்போதே கிடைக்கச் செய்வது ஏஜென்ட் கடமை என்று 2016 ரியல் எஸ்டேட் சட்டமும் சொல்கிறது. இரண்டு பர்சென்ட் கமிஷன் வேறெதற்கு?

"அதெல்லாம் யார் சார் பாக்குறா?" என்றார் புரோக்கர்.

யாரும் பார்க்காததால்தான் நம் மண் மனை மனையாகப் போகிறது. வாங்குகிறவர் ஏமாறுவது இரண்டாவது மோசடி. முதல் மோசடியில் ஏமாந்தது நம் பாட்டன். காரணை நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994-ல் செங்கல்பட்டில் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள்.

புரோக்கர் பார்க்கமாட்டார் தோழர்களே. தகவல் உரிமைச் சட்டத்தில் உங்க ஊர்ப் பழைய பதிவேட்டுக்கு நகல் கேளுங்கள். மனைக்கல் நடுவதற்கு முன்னால் கேளுங்கள்.