வீட்டுக்கு ஒரு துரப்பணம்

தச்சர்களின் பழைய கருவிகளுள் துரப்பணம் என்பது ஒன்று. வில் போன்ற கோலிற் பூட்டிய கயிற்றை முன்னும் பின்னும் இழுக்க, அலகு சுழன்று மரத்தைத் துளைக்கும். நம் மாணவர்களுள் இச்சொல்லைக் கேள்விப்பட்டவர்கள் சிலராகவே இருப்பர். ஆனால், அதன் பேரப்பிள்ளையை எல்லோரும் அறிவர். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இரும்புக்கடைக்குச் சென்று ‘டிறில் மெசின்’ என்று கேட்டாற் போதும். பல விதங்களை எடுத்து வைப்பார்கள். அவற்றுள்ளும் வயர் இன்றிப் பற்றரியில் இயங்குவதே இப்பொழுது பலருடைய கண்ணையும் கவர்கின்றது. அதனை எவ்வாறு பார்த்து வாங்குவது என்பதை இவ்வாரம் சிந்திப்போம்.

மின்சாரத்தால் இயங்கும் துரப்பணத்துக்கு 1889ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரிற் காப்புரிமை பெறப்பட்டது. கையிற் கொண்டு செல்லத்தக்க ஒன்றை 1895இல் ஜேர்மனியின் ஃபெயின் நிறுவனத்தார் செய்தனர். பற்றரித் துரப்பணம் சந்திரப் பயணத்துக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது என்று சொல்வாருளர். அது தவறு. அமெரிக்காவின் பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனம் 1961இலேயே அதனை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. சந்திரனில் அத்தகைய துரப்பணம் ஒன்று துளையிட்டது 1971இல், அப்பலோ 15 பயணத்தின்போதுதான். அங்கும் அலகு மண்ணிற் சிக்கிக்கொள்ள, விண்வெளி வீரர் இருவரும் சேர்ந்து தோள்கொடுத்தே அதனை வெளியே இழுக்க வேண்டியதாயிற்று!

நமது வன்னிப் பெருநிலத்துக்கு வருவோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காக மின்வலையமைப்பு இன்றி வாழ்ந்தவர்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலத்தை வடபகுதியார் மறந்திருக்க முடியாது. கம்பி வழியே மின்சாரம் வந்த பின்னரும், 2022 மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை அது தடைப்பட்டது. மேலும், நம் வளவுகள் விசாலமானவை. படலை ஓரிடம், கிணறு ஓரிடம், மாட்டுக் கொட்டில் இன்னோரிடம். அங்கெல்லாம் வயரை இழுத்துச் செல்வது எளிதன்று; மாரிகாலத்தில் ஆபத்தும்கூட. ஆகவே, பற்றரிக் கருவியை நாடுவதில் நியாயம் உண்டு.

எனினும், கடையில் நிற்கும்போது பெட்டியின் மேலுள்ள இலக்கங்களைப் பார்க்குமுன் நம் வீட்டுச் சுவரை நினைத்துப் பார்க்க வேண்டும். 2010ஆம் ஆண்டின் பின் இந்திய வீட்டுத் திட்டத்தாலும் பிற திட்டங்களாலும் வன்னியில் எழுந்த வீடுகளிற் பெரும்பாலானவை சீமெந்துக் கற்களாற் கட்டப்பட்டவை. இச்சுவருக்கு, சுழலும்போதே தட்டவும் வல்ல ‘ஹமர்’ வகைத் துரப்பணமும், நுனியிற் காபைட்டுப் பதித்த அலகும் வேண்டும். மரத்துக்குரிய அலகைச் சுவரில் வைத்தால் அலகின் கூர் மழுங்குவதைத் தவிர வேறொன்றும் நடவாது. கல் மென்மையாகவோ உள்ளீடற்றதாகவோ இருப்பின் முதலில் தட்டாமலே துளைத்துப் பார்ப்பது நன்று. தட்டினால் துளையின் ஓரம் உதிர்ந்து, பிளக் நில்லாது ஆடும்.

கொங்கிறீற்றுத் தூணும் லின்ரலும் வேறு கதை. வீட்டுப் பற்றரித் துரப்பணத்தில் இரண்டு பற்சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்தே தட்டல் எழுகிறது. அதன் வலிமை நாம் அழுத்தும் அளவினதே. மேசன்மார் வைத்திருக்கும் பெரிய கருவியிலோ காற்றழுத்தத்தால் ஒரு முசலம் உள்ளே மோதுகின்றது. லின்ரலில் நான்கு துளையிடுவதற்காக அத்தகையதை வாங்குவது வீண்செலவு. ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள், அல்லது மேசனையே அழையுங்கள்.

மரவேலைக்கு வேகத்திலும் பார்க்க முறுக்குவிசையே முக்கியம். நம் காட்டுப் பாலையும் முதிரையும் இரும்பை ஒத்தவை. நேரே திருகாணியைச் செலுத்தினால் அதன் தலை முறிந்துவிடும். நான்கு மில்லிமீற்றர் திருகாணிக்கு மூன்று மில்லிமீற்றர் அளவில் முன்துளை இட்டு, குறைந்த வேகத்தில் முடுக்க வேண்டும். ஆகையால் இரு வேகங்கள் உள்ளதையும், முடுக்கத்தின் எல்லையைக் குறிக்கும் இலக்க வளையம் உள்ளதையும் தெரிந்தெடுங்கள்.

இனிப் பற்றரி. வாங்குவோர் பெரிதும் ஏமாறும் இடம் இதுவே. இலிதியம் அயன் கலம் ஒன்றின் அழுத்தம் ஏறத்தாழ 3.6 வோல்ற்று. ஐந்து கலங்களைத் தொடுத்தால் 18 வோல்ற்று. முழுதாக மின்னேற்றிய கணத்தில் அது இருபதைத் தொடும். அதனாற்றான் சிலர் அதே பற்றரியை 20 என்று எழுதுகின்றனர். இதுவரை பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் 48 என்றும் 88 என்றும் பெரிய எழுத்தில் அச்சிட்டு, உள்ளே அதே ஐந்து கலங்களை வைத்து விற்பதும் சந்தையில் உண்டு. 88 வோல்ற்றுக்கு இருபத்தைந்து கலங்கள் வேண்டும் என்பதை மாணவர்களே வகுத்துக் காணலாம். உள்ளங்கையில் அடங்கும் பெட்டிக்குள் அவை எவ்வாறு புகும்? வோல்ற்றை அம்பியர் மணியாற் பெருக்கி வருவதே பற்றரியின் உண்மையான கொள்ளளவு. 18 வோல்ற்று, 2 அம்பியர் மணி எனில் 36 வாற்று மணி. மின்னேற்றும்போது ஏற்படும் இழப்பைக் கழித்தாலும், ஒரு யூனிற் மின்சாரத்தில் இருபது தடவையாவது அதனை நிரப்பலாம்.

வெயில் பற்றரியின் பகைவன். சித்திரை வெயிலிற் கொதிக்கும் தகரக் கூரையின் கீழும், பூட்டிய வாகனத்துக்குள்ளும் அதனை வைக்கக் கூடாது. வேலை முடிந்த சூட்டோடு மின்னேற்றாமல், ஆறவிட்டு ஏற்றுக. ஆயுத பூசையன்று சந்தனப் பொட்டுப் பெறுவதற்கு மட்டுமே வெளியே வரும் கருவிகளும் சில வீடுகளில் உள்ளன. வெறுமையான பற்றரி அவ்வாறு மாதக்கணக்கிற் கிடந்தால் பிறகு மின்னேற்றியே அதனை ஏற்க மறுக்கும். பாதியளவு நிரப்பி வைப்பதே முறை. அதே பற்றரி தனியாகவும் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். கிடைக்காதெனில், விலை எவ்வளவு மலிவாயினும் திரும்பி வந்துவிடலாம்.

இன்னுமொன்று. போருக்குப் பின், பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் வன்னியில் ஏராளம். பெயர்ந்த கதவுப் பிணைச்சலைப் பூட்டவும், அலுமாரித் தட்டொன்றை மாட்டவும் ஓர் ஆண்மகன் வரும்வரை நாட்கணக்கிற் காத்திருக்கும் தாய்மார் உளர். 12 வோல்ற்று வகைத் துரப்பணம் ஏறத்தாழ ஒரு கிலோ எடைதான். 18 வோல்ற்று வகையோ ஒன்றரைக் கிலோவையும் தாண்டும். கதவு வேலைக்கும் தட்டு மாட்டுவதற்கும் சிறியதே போதும். வீட்டில் எவர் அதனை எடுத்து வேலை செய்யப் போகிறாரோ, அவரையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். தோள் உயரத்திற் கருவியை ஒரு நிமிடம் பிடித்துப் பார்க்கட்டும். கை நடுங்கினால் அடுத்ததை எடுக்கட்டும். விசையை மெல்ல அழுத்தி, அலகு ஆடாமற் சுழல்கின்றதா என்பதையும் அவரே பார்க்கட்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதற்றுளையை ஒரு மரத்துண்டிலே இட்டுப் பழகுக. கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொள்க. சுவருக்குச் செல்லும்போது, சுவிச்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் கை வைக்காதீர்கள். சுவருள் மறைந்த வயர் பெரும்பாலும் அந்த வழியாகவே செல்லும். ஐயமிருப்பின் பிரதான சுவிச்சை நிறுத்திவிட்டுத் துளையிடுங்கள். பற்றரிக் கருவிக்கு அதனால் இடையூறில்லை.