அம்புக்குறி போட்டால் போதுமா?

உணவுச் சங்கிலியில் அம்புக்குறியைச் சரியாகப் போட்டால் புள்ளி கிடைக்கும் என்றே மாணவர்களைப் பழக்கியுள்ளோம். நானும் விதிவிலக்கல்லன். ஒரு கண்ணி அறுந்தால் என்னாகும் என்று நாம் கேட்பதில்லை.

நியூசிலாந்தின் கோட் ஐலண்ட் கடலில் முக்குளித்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. பவளமற்ற குளிர்கடல், வெறும் பாறைத்திட்டு. ஆயினும் இடுப்பளவு உயர்ந்த கெல்ப் பாசிக்காடு! ஸ்னாப்பர் மீன்கள் அச்சமின்றி அருகில் வந்தன. பாறையிடுக்கில் சிங்கி இறால்கள் மீசையை நீட்டிக்கொண்டிருந்தன. 1975இல் அப்பகுதி கடற்காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதற்குமுன் மீனையும் இறாலையும் அளவின்றிப் பிடித்ததால், அவற்றுக்கு இரையாகும் ‘கினா’ என்னும் கடல் முள்ளெலி பெருகிப் பாசியை மேய்ந்து தீர்த்திருந்தது. வேட்டையாடிகள் பெருகிய பின்னர், பல்லாண்டுகள் கழித்தே காடு மீண்டது. காப்பக எல்லைக்கு வெளியே மொட்டைப் பாறைகளை இன்றும் காணலாம்.

“இது சோதனையில் வருமா?” என்பீர்கள். யூ.பி.எஸ்.ஆர். 2021இலேயே அகற்றப்பட்டுவிட்டது, ஐயா! இன்னும் யாருக்கு அஞ்சி இந்த மனனம்?

பெற்றோரே, பயிற்சிநூலைச் சற்று மூடி வையுங்கள். ஆசிரியர்களே, பாசிக்காடு, மொட்டைப் பாறை ஆகிய இரு படங்களையும் அருகருகே ஒட்டி, “ஏன் இப்படி?” என்று மட்டும் கேளுங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள்.